நான் செத்த இடங்கள்

இலவச விளையாட்டுகளை விளையாடிப் பார்த்து விமர்சனம் எழுதுவது என் வேலை. இயற்பியல் படித்துவிட்டு இதையா செய்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம். யாரிடமும் பேச வேண்டாம். எனக்கு அது போதும்.

அந்த வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அம்மா உள் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். புதிதாக வந்த இயந்திரத்துக்கு வெளியூரில் நான்கு நாள் பயிற்சி. முடித்துவிட்டு வந்தால் அவள்தான் அந்தப் பிரிவுக்குத் தலைமை. இரண்டு வருடமாகக் காத்திருந்தது. ஐந்து மணிக்கு பஸ்.

எனக்கு ஆறு மணிக்குள் விமர்சனம் அனுப்ப வேண்டும். 'ஐவர் கோட்டை' என்ற விளையாட்டு. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் மூன்று பாதைகள். எதிரியின் கோட்டையை முதலில் இடிப்பவர்கள் ஜெயித்தவர்கள். பதினைந்து நாளில் நாற்பத்தாறு ஆட்டம் ஆடியிருந்தேன். எல்லாவற்றிலும் வைத்தியச்சி பாத்திரம்தான். வைத்தியச்சி யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம். பின்னாலேயே போய்க் காயத்தை ஆற்றினால் போதும். ஆனால் முதலில் சாகிறவளும் அவள்தான்.

ஆசிரியர் போன் செய்தார். எங்கள் இணையதளத்துக்கு அவர்தான் ஆசிரியர், முதலாளி, விளம்பரம் பிடிப்பவர் எல்லாம்.

"என்ன விஞ்ஞானி, முடிஞ்சுதா?"

"கடைசிப் பத்தி மட்டும் சார்."

"அனுப்பின வரைக்கும் படிச்சேன். ஆட்டத்துக்குள்ள பேசிக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே?"

"நான் அதை அணைச்சு வெச்சிருக்கேன் சார். எப்பவுமே."

"தெரியும், நீ என்கிட்ட பேசறதே பெரிசு. எங்க போய் அணைக்கணும்னாவது எழுதும்மா. பொண்ணுங்க நிறைய பேர் படிக்கிறாங்க."

சரி என்றேன். எந்த விளையாட்டைத் தொடங்கினாலும் என் முதல் வேலை அதுதான். மற்றவர்களின் குரலை நிறுத்துவேன். எழுத்தில் வரும் அரட்டையையும் மறைப்பேன். பதினோரு விளையாட்டுகளில் அப்படித்தான் செய்திருக்கிறேன். அவற்றில் ஒரே பொத்தான் இரண்டு பக்கத்தையும் அடைத்துவிடும். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது, நான் பேசுவது அவர்களுக்குக் கேட்காது.

வாசகர்களுக்கு வழி எழுதுவதற்காக அமைப்புகள் பக்கத்தைத் திறந்தேன். குரல் என்ற தலைப்பின் கீழ் நான் அழுத்திய பொத்தான் இருந்தது. பக்கத்தைக் கீழே தள்ளினேன். மூன்றாவது திரையில், கடைசியில், இன்னொரு பொத்தான். ஒரு மைக் படம். பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அதன் அருகே மூன்று சிறு கோடுகள்.

நாக்கைச் சொடுக்கிப் பார்த்தேன். கோடுகள் எழும்பி அடங்கின.

"செத்துட்டியாடி?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள். கோடுகள் மறுபடி எழும்பின.

இந்த விளையாட்டில் அந்தப் பொத்தான் என் காதை மட்டும்தான் அடைத்திருந்தது.

அம்மா ஏன் அப்படிக் கேட்டாள் என்று சொல்ல வேண்டும். ஆட்டத்தின் நடுவில் பேசினால் நான் பதில் சொல்லமாட்டேன். என் பாத்திரம் செத்துப்போனால் மறுபடி உயிர் வர நாற்பது நொடி ஆகும். அந்த நாற்பது நொடியில்தான் எங்கள் வீட்டில் பேச்சு. அம்மா என் அறை வாசலில் நின்று கேட்பாள்: "செத்துட்டியா?" நான் சொல்வேன்: "செத்துட்டேன், சொல்லு." உடனே எல்லாவற்றையும் கொட்டுவாள். பால் வாங்கியது, லிப்ட் ரிப்பேர், எதிர்வீட்டுக்காரியின் முறைப்பு, ஆஸ்பத்திரியில் யாருக்கு எந்த நேர வேலை என்பது.

நேற்றும் அப்படித்தான் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள். நாளைக்கு அஞ்சு மணி பஸ், திங்கக்கிழமைதான் வருவேன், நாலு ராத்திரி தனியா இருக்கணும், கதவைப் பூட்டிக்க.

மைக்கை அணைத்தேன். ஹெட்செட்டின் ஒயரையும் பிடுங்கினேன்.

"கூப்பிட்டா பதில் இல்ல. உயிரோட இருக்கியா, இல்லையா?" என்றாள் அம்மா.

"இருக்கேன்மா. வேலை."

யாராவது தகாத வார்த்தை பேசினால் புகார் கொடுப்பதற்காக, எல்லா ஆட்டங்களையும் குரலோடு சேமித்து வைக்கிறது அந்த விளையாட்டு. விமர்சனத்தில் அதை நல்ல அம்சம் என்று எழுதியிருந்தேன். ஓர் ஆட்டம் இருபத்தைந்து நிமிடம். நாற்பத்தாறையும் கேட்கப் பத்தொன்பது மணி நேரமாவது வேண்டும். அம்மா நாலரைக்குக் கிளம்புவாள். ஆனால் எல்லாவற்றையும் கேட்கத் தேவையில்லை. பதிவின் அடியில் ஓடும் கோட்டில், ஒருவர் செத்த இடங்களைச் சிவப்புப் புள்ளியாகக் காட்டும். நான் செத்த இடங்களை மட்டும் கேட்டால் போதும்.

ஒயரைக் கணினியில் மாட்டிக் கேட்க ஆரம்பித்தேன்.

இரண்டாவது ஆட்டம். குக்கர் விசில். "யாருப்பா அது சமைச்சுக்கிட்டே விளையாடறது? பசிக்குதுல்ல" என்று ஒருவன். சிரிப்பு.

ஐந்தாவது ஆட்டம். அம்மாவின் குரல். என் குரல். யாரோ, "ஷ்ஷ், பொண்ணுடா" என்றான். பிறகு நால்வரும் பேசவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாவது ஆட்டம் தொடங்கியதும், நான் சாவதற்கு முன்பே, ஒரு குரல் சொன்னது: "வாங்க வாங்க. சுண்டெலி வந்தாச்சு."

சுண்டெலி என்பது அம்மா மட்டும் கூப்பிடும் பெயர்.

ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி மாட்ட முடிந்தது. பேசியவனின் பட்டப்பெயர் பிளேடு. நட்புப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்காக, நட்பு கேட்ட எல்லோரையும் சேர்த்திருந்தேன். சேர்ந்தவர்கள் நம் அணிக்குள் நேராக வரலாம். பிளேடு இருபத்தொரு ஆட்டம் என்னோடு ஆடியிருந்தான். கரண்டி என்று இன்னொருவன், பதினான்கு. இருவரும் நன்றாக ஆடுகிறார்கள், நான் அதிர்ஷ்டக்காரி என்று நினைத்திருந்தேன்.

விலாசத்தை எப்போதாவது சொன்னேனா? அது ஒன்றுதான் தெரிய வேண்டும். போனில் வந்த அழைப்புகளையும் ஆட்டங்களின் நேரத்தையும் ஒரு தாளில் அருகருகே எழுதினேன். ஒன்று மட்டும் பொருந்தியது. செவ்வாய் காலை பதினொன்று இருபத்தொன்று. அம்மா பயணத்துக்கு வாங்கிய பையைக் கொண்டுவந்த கூரியர்காரர். முப்பத்தெட்டாவது ஆட்டம்.

சிவப்புப் புள்ளியில் வைத்தேன். என் குரல் தெளிவாக வந்தது. மைக் வாயருகே இருந்திருக்கிறது. "ஆமாங்க, இதேதான். எழுதிக்கறீங்களா?" பிறகு தெருவின் பெயரைச் சொன்னேன். உடனே ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான்.

"ஏய் ஏய் ஏய்! கோட்டை போச்சு! கோட்டை போச்சு!"

கரண்டி. கோட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. திரையில் அது முழுசாக நின்றது. அவன் கத்தலுக்கு அடியில், தண்ணீருக்குள் பேசுவதுபோல என் குரல் போய்க்கொண்டிருந்தது. கட்டட எண், மாடி, கதவு எண்.

"டேய் கரண்டி, வாயை மூடுறா" என்றான் பிளேடு. "அட்ரஸ் சொல்றாடா."

ஐந்து முறை கேட்டேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்தும் கேட்டேன். எனக்கு எண்கள் கேட்டன. ஆனால் அவை எனக்குத் தெரிந்த எண்கள். விடை தெரிந்தவளின் காதை நம்ப முடியாது. தெரியாதவன் காதில் என்ன விழுந்தது என்று எப்படி அளப்பது?

மணி மூன்று. நட்புப் பட்டியலில் கரண்டியின் பெயருக்கு முன்னால் பச்சை விளக்கு எரிந்தது.

பதினைந்து நாளாக மறைத்து வைத்திருந்த எழுத்து அரட்டையைத் திறந்தேன். அவனிடமிருந்து ஏற்கெனவே பதினேழு செய்திகள் வரிசையாக நின்றன. "மைக் ஆன்ல இருக்கு." "ஹலோ மைக்." "வைத்தியச்சி மேடம், மைக்கை அணைங்க." கடைசிச் செய்தி, நேற்றையது: "உனக்குக் கண்ணு தெரியாதா?"

"இப்பதான் பார்த்தேன்" என்று எழுதினேன். "செவ்வாய்க்கிழமை ஏன் கத்தினீங்க? என்னைக் காப்பாத்தவா?"

"ஐயோ, அந்த அளவுக்கு நல்லவன் இல்ல" என்று வந்தது. "உங்க வீட்டுக் கதை கேட்டுக் கேட்டு ஆட்டம் நாசமாப் போச்சு. வீட்டு நம்பர் வேற ஒப்பிக்க ஆரம்பிச்சியா, கடுப்பாயிடுச்சு."

"உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

எங்கள் தெருவின் பெயரை எழுதினான். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

"நம்பர்?"

"எனக்குக் கேட்கல. நான்தான் கத்திட்டிருந்தேனே."

"பிளேடுக்கு?"

மூன்று புள்ளிகள் மினுங்கின, நின்றன, மறுபடி மினுங்கின.

"தெரியல. கேட்டா சிரிக்கிறான். உன் குரலை வெட்டி வெட்டி ஒரு குரூப்ல போடறான். இருநூறு பேர் இருக்காங்க. நான் வெளிய வந்துட்டேன். அவன் எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது. தூரமாக்கூட இருக்கலாம். பயப்படாத."

பயப்படாதே என்று எழுதியவன் அடுத்த வரியில் எழுதினான்: "கதவைப் பூட்டிக்க."

உள் அறையில் அம்மா பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. சொன்னால் போகமாட்டாள். இரண்டு வருடம் காத்திருந்தது போய்விடும். சொல்லாவிட்டால் நாலு ராத்திரி. கதவைப் பார்த்தேன். ஒரு தாழ்ப்பாள், ஒரு பூட்டு. போன வருடம் சாவி தொலைந்தபோது பூட்டுக்காரர் அதை மூன்று நிமிடத்தில் திறந்தார்.

அம்மா பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். "என்ன, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க? நான் போறதுக்கா? நாலு நாள்டி, நாற்பது நாள் இல்ல."

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி அவள் காதில் மாட்டினேன். நேற்றைய ஆட்டத்தின் சிவப்புப் புள்ளியை அழுத்தினேன்.

அம்மா முதலில் சிரித்தாள். "அட, இது நான்தானே பேசறேன்?" பிறகு சிரிப்பு நின்றது. எனக்கு வெளியே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அங்கே என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் கேட்டிருந்தேன். நாலு ராத்திரி என்று அம்மா சொல்லி முடித்ததும் பிளேடு விசிலடிப்பான். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்பான்: "துணைக்கு நான் வரவா, அத்தை?"

அம்மா ஹெட்செட்டை மெதுவாகக் கழற்றினாள். பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"யார் இவன்?"

"தெரியாது."

"நம்ம வீடு தெரியுமா?"

"தெரு தெரியும். நம்பர் தெரியுமான்னு தெரியாது."

"எத்தனை நாளா?"

"பதினஞ்சு நாளா. நான்தான் கவனிக்கலம்மா. எல்லாத்தையும் கவனிச்சு எழுதறதுதான் என் வேலை. இதைக் கவனிக்கல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள். இப்போது அணைத்துவிட்டேன் என்று சொல்லியும் தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். "போலீஸ்ல சொன்னா?"

"பேர் கேப்பாங்க. பிளேடுன்னு சொல்லணும்."

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய் என் துணிகளை வாரிக்கொண்டு வந்தாள். "எழுந்திரு. பயிற்சி விடுதியில ஒரு கட்டில்தான் கொடுப்பாங்க. ரெண்டு பேரும் ஒடுங்கிப் படுத்துக்கலாம். கேட்டா, பொண்ணுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கறேன்."

"திங்கக்கிழமை திரும்பி வரணுமேம்மா."

"திங்கக்கிழமை பூட்டை மாத்தலாம்."

பூட்டை மாற்றலாம், தெருவை எப்படி மாற்றுவது என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருந்தது. துணியை மடிக்காமல் திணித்தாள்.

நான் விமர்சனத்தை முழுதாக அழித்தேன். பாத்திரங்கள், பாதைகள், பத்துக்கு எத்தனை என்ற மதிப்பெண் எல்லாம் போயிற்று. மூன்று வரி எழுதினேன். அமைப்புகள், குரல், மூன்றாவது திரை, கடைசிப் பொத்தான். இப்போதே போய்ப் பாருங்கள். பச்சையாக இருந்தால், உங்கள் வீட்டில் இதுவரை பேசியதை எல்லாம் நினைத்துப் பாருங்கள்.

ஆசிரியர் உடனே அழைத்தார். "என்ன இது? விமர்சனம் எங்க?"

"இதுதான் சார். இப்பவே போடுங்க. என் பேர் வேண்டாம்."

"என்ன ஆச்சு? குரல் ஒரு மாதிரி இருக்கே?"

குரல் என்ற சொல்லைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

நாலே முக்காலுக்கு இறங்கினோம். படிக்கட்டில் முதல் மாடியில் ஒருவர் ஹெல்மெட்டோடு மூச்சு வாங்கி நின்றிருந்தார். எங்களுக்கு வழி விட்டார். பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிளேடின் முகம் எனக்குத் தெரியாது. வயது தெரியாது. குரல் மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருக்கும் யாரும் அவனாக இருக்கலாம்.

தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இத்தனை வருடத்தில் இந்தத் தெருவை இப்படிக் கேட்டதில்லை. பழக்கடையில் விலை கேட்பவன். போனில் யாரையோ திட்டுபவன். பின்னால் ஒருவன், "கொஞ்சம் தள்ளுங்க" என்றான். சட்டென்று திரும்பினேன். சைக்கிள்காரன். தாண்டிப் போய்விட்டான். அவன் குரல் மெலிதாக இருந்தது. பிளேடின் குரல் கொஞ்சம் கனம். ஆனால் மைக் வழியாக வரும்போது குரல் கனத்துத்தான் வரும்.

அம்மா கையை ஆட்டி ஒரு டாக்ஸியை நிறுத்தினாள். டிரைவர் சின்ன வயதுக்காரன். கண்ணாடியை இறக்கிவிட்டு, தெருவே கேட்கும்படி சத்தமாகக் கேட்டான்.

"எங்கம்மா போகணும்?"

அம்மா வாயைத் திறந்தாள். நான் என் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினேன்.

பிறகு போனில் இடத்தின் பெயரை எழுதி அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவன் படித்தான். என்னைப் பார்த்தான். என் கைக்குப் பின்னால் அம்மாவின் கண்களைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டான். ஊமையா என்றோ என்னவோ. வார்த்தைகள் எனக்கு விளங்கவில்லை. நான் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இவன் இல்லை என்றுதான் பட்டது. இன்னும் ஒரு வாக்கியம் பேசட்டும் என்று, கதவைத் திறக்காமல், அங்கேயே நின்றேன்.