பேர் எழுதிய மீன்கள்

மீனில் பேர் எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானேதான் எழுதினேன். கை சும்மா இருந்தால்தானே!

எழுபத்தேழாம் வருஷம். கும்மிடிப்பூண்டியில் ஒரு பல்பு கம்பெனி. பல்பைத் துடைத்து அட்டை உறைக்குள் செருகுகிற வேலைக்குப் பெண்கள். பிள்ளைகளை மேஜைக்கு அடியில் போட்டுக்கொண்டே வேலை செய்வார்கள். ஒரு நாள் உடைந்த பல்பின் மேல் ஒரு குழந்தை கையை ஊன்றி ரத்தம் கொட்டியது. பெண்கள் எல்லோரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் மானேஜர் பூவராகவன் பழைய ஸ்டோர் ரூமை ஒழித்துப் பிள்ளைகளுக்கு விட்டார். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றதும், ஆரம்பாக்கத்தில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பொண்ணு போய் என் பேரைச் சொன்னாள்.

"எங்க சாராள் மாதா கோயிலுக்கு கிறிஸ்மஸ் ஸ்டாரெல்லாம் கட்டுவா சார். எட்டாவது வரிக்கும் படிச்சிக்கிறா. புள்ளைங்கன்னா உசுரு."

தினக்கூலிதான். "ஒழுங்கா நடத்து, பர்மனெண்ட் பண்றேன்" என்றார் பூவராகவன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

பொம்மை வாங்கித் தரமாட்டார்கள் என்று தெரியும். குப்பையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கினேன். பல்பு உறையின் நெளி அட்டையைச் சுருட்டினால் கம்பளிப்பூச்சி. தீப்பெட்டிகளை நூலில் கோத்தால் ரயில். கேட்டருகே லாரிக்காரர்கள் எறிந்த சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் கிரீடமாயிற்று. மைதா மாவில் பசை காய்ச்சினேன். பூச்சி அரிக்காமலிருக்கப் போடுகிற மயில்துத்தத்தை மட்டும் போடவில்லை. அந்தக் கழுதைகள் பசையை நக்கும்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது மீன்தான். பேக்கிங் தாளை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒரு முனையில் மேலிருந்து பாதி, மறு முனையில் கீழிருந்து பாதி வெட்டி, வளைத்து ஒன்றில் ஒன்றைச் செருகினால் போதும். உயரத்திலிருந்து விட்டால் சுழன்றுகொண்டே இறங்கும். அதற்கு அடிதடி! "என் மீனு, என் மீனு" என்று ஒன்றின் முடியை ஒன்று பிடித்தது. சரி, சனியன், தீரட்டும் என்று ஒவ்வொன்றிலும் பேர் எழுதினேன். இவன் சின்னப்பொண்ணு பையன், அது ஆரோக்கியமேரி பெண் என்றுதான் அங்கே பிள்ளைகளைக் கூப்பிடுவோம். அதனால் தாய்மார் பேரையே எழுதி, பதினேழு மீனையும் உத்திரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டேன்.

மத்தியானம் பிள்ளைக்குச் சோறூட்ட வந்த சின்னப்பொண்ணுவுக்கு எழுத்துத் தெரியாது. தன் மீன் எது என்று கேட்டு, பேரின் மேல் விரலை ஓட்டினாள்.

"இந்தக் கம்பெனில எம் பேர எழுதினது நீ ஒருத்திதான்டி."

அது விளையாட்டுப் பேச்சில்லை. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் பிள்ளைகளுக்கு அறை, ஆயா எல்லாம் வைத்தே தீரவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அதனால் ரிஜிஸ்டரில் இருபத்தெட்டுப் பேர்தான். சின்னப்பொண்ணுவோடு சேர்த்து இன்னும் ஒன்பது பேர் பேரில்லாமல் உழைத்தார்கள்.

ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் அந்த ஒன்பது பேரையும் பிள்ளைகளோடு வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். எனக்கு மட்டும், "ரூமை நல்லா ஜோடிச்சு வை" என்று உத்தரவு. முந்தின நாள் சாயங்காலம் அந்த ஒன்பது மீனையும் கழற்ற ஸ்டூல் போட்டு ஏறினேன். நூலில் கையும் வைத்தேன். கழற்றினால் அறை மொட்டையாகத் தெரியுமே என்று தோன்றியது. வருகிறவர் ஒரு வார்த்தை நன்றாகச் சொன்னால் பர்மனெண்ட் ஆகிவிடும். இறங்கிவிட்டேன். ஆசை யாரை விட்டது?

மறுநாள் பூவராகவன் இன்ஸ்பெக்டரை அழைத்து வந்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"சட்டப்படி எங்களுக்கு இது வேண்டியதே இல்லை சார். ஏதோ பச்சைக் குழந்தைகளாச்சேன்னு நடத்தறோம்."

தவளை தன் வாயால் கெட்டது. இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்து, "அழகா இருக்கும்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மீனைத் திருப்பிப் படித்தார். அடுத்ததைப் படித்தார். பிறகு, "ரிஜிஸ்டரைக் கொண்டு வாங்க" என்றார்.

ஒன்பது பேரையும் ஒரு வாரத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். சேதி ஆரம்பாக்கம் போய்விட்டது. ஸ்டேஷனில் நான் ரயிலை விட்டு இறங்கியதும் சின்னப்பொண்ணு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"நீ மவராசிடி! உன் மீனாலதான் எங்களுக்கு வழி பொறந்துச்சு."

மூன்றாம் நாள் பூவராகவன் கூப்பிட்டார். மேஜை மேல் டைப் அடித்த தாள். மீனிலிருந்த அந்த ஒன்பது பெயர்களும் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட நானாகக் கற்பனை பண்ணி எழுதியவை, அப்படி யாரும் கம்பெனியில் வேலை செய்யவில்லை என்று என் வாக்குமூலம்.

"கையெழுத்துப் போட்டா இன்னைக்கே பர்மனெண்ட். போடலேன்னா ரூமும் கிடையாது, நீயும் கிடையாது."

இரண்டு தடவை படித்தேன். வீட்டில் பசித்த பிள்ளை இருந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன். எனக்குப் பிள்ளை கிடையாது. எனக்கு அந்த வேலை வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டேன். ரிஜிஸ்டரில் இருபத்தொன்பதாவது பேர் என்னுடையது.

மறுநாள் காலையில் கேட்டில் ஒன்பது பேரும் நின்றார்கள். "உங்க பேருல இங்க ஆளே கிடையாது, போங்க" என்று வாட்ச்மேன் விரட்டினான். யார் எழுதிக் கொடுத்தது என்று அவர்களுக்குத் தெரியாது. சின்னப்பொண்ணு என்னைக் கண்டதும் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் என்னிடம் தாவக் கையை நீட்டினான்.

"எங்களத்தான் உட மாட்டேன்றான் பேமானி. இவனயாவது உள்ள வச்சிக்கடி. நான் நாத்து நட போறேன், சாயங்காலம் வந்து இட்டுக்கினு போறேன்."

பையன் உள்ளே வந்தால் இவள் தினமும் என் வாசலுக்கு வருவாள். என்றைக்காவது ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துக் கேட்பாள்.

"ரிஜிஸ்டர்ல பேரு கீறவங்க புள்ளைங்கள மட்டுந்தான் உள்ள உடணும்னு ஆர்டர்க்கா" என்றேன்.

அப்படி ஓர் ஆர்டரை எனக்கு யாரும் போட்டிருக்கவில்லை.