தக்காளி பொறுக்கிய காட்சி

கல்யாணமான ஆறு மாதமாக நர்மதா கேட்டதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்த சந்துரு, அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் முரண்டு பிடித்தான். அவள் கேட்டது பெரிய விஷயமில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் சண்டைக்காட்சி எடுத்த 'ரெண்டு ஏட்டு, ரெண்டாம் ஆட்டம்' படத்தை டிவியில் போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் பாகம் ஓடிய தெம்பில் அவசரத்தில் கிண்டிய உப்புமா அது. படம் மொக்கை என்றான், பிரிண்ட் மங்கல் என்றான். ஒன்றும் எடுபடவில்லை. போதாக்குறைக்கு, சினிமா என்றாலே எழுந்து போய்விடும் அவன் அம்மா மருதாத்தாளும் உரிக்கிற வெங்காயத்தோடு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

படத்தில் குண்டு ஏட்டு தின்றுகொண்டே சுட்டார். ஒல்லி ஏட்டு சுட்டுவிட்டு வசனம் பேசினார். வில்லன் மடக்குப் போனைப் படக்கென்று திறந்தபோது நர்மதா விழுந்து விழுந்து சிரித்தாள். பொம்பளைகளைக் கேலி பேசும் ஜோக்குகளுக்கோ முகம் சுளித்து, இதுக்கெல்லாமா சிரித்தீர்கள் என்று கேட்டாள். அன்றைக்கு அவன் விசிலே அடித்திருந்தான். அதைச் சொல்லவில்லை.

அவன் பயமெல்லாம் சந்தைக் காட்சிதான். ஏட்டுகளின் ஜீப் தக்காளிப் பெட்டிகளில் மோதும்போது எல்லோரும் அலறிக்கொண்டு ஓட வேண்டும் என்பது டைரக்டர் உத்தரவு. ஓடினார்கள். சந்தைக் கூட்டத்தில் நின்ற மருதாத்தாள் மட்டும் ஓடவில்லை. தோட்டத்தில் தக்காளி பறித்துக் கூடை சுமந்த கைக்கு நல்ல பழம் மிதிபடுவது பொறுக்குமா? டுமீல் டுமீலென்று வெடிக்கிற நடுவில் குனிந்து, சேலை மடியில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். டைரக்டரும் அதை வெட்டாமல் வைத்துவிட்டார்.

படம் வந்தபோது பொள்ளாச்சித் தியேட்டரே உருண்டு சிரித்தது. எட்டாவது படித்த சந்துருவிடம் பக்கத்துச் சீட்டுச் சிநேகிதன், யாருடா அந்தக் கிறுக்கு என்று கேட்டான். யாரென்றே தெரியாது என்று இவன் உரக்கச் சொன்னான். அம்மா பின்வரிசையில் இருந்தாள். திரும்பி வந்த பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. காதில் விழுந்ததா இல்லையா? கேட்க அவனுக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. நினைக்கும்போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜீப் சந்தைக்குள் நுழைந்தது. தள்ளி ஓட்டிவிடலாமென்று ரிமோட்டைத் தேடினான். அது அம்மாவின் கைக்கடியில் கிடந்தது. தக்காளி பொறுக்குகிறவளைப் பார்த்து நர்மதா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ஏனுங்க, யாருங்க அந்தம்மா?"

சந்துரு அம்மா பக்கம் ஒரு தடவை பார்த்தான்.

"எங்கம்மா," என்றான். குரல் பாதிதான் வந்தது.

மருதாத்தாள் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சத்தமாச் சொல்லு கண்ணு. அன்னைக்குத் தெரியாதுன்னு சத்தமாத்தான சொன்னே."