பதினெட்டாவது தழும்பு

நியூவார்க் நீதிமன்றத்துக்கு இன்னும் பதினோரு மைல் இருக்கையில்தான், காரை ஓட்டிக்கொண்டிருந்த வரதராஜா வாயைத் திறந்தான்.

"மச்சான், டொக்டரிட்ட நான் ஒண்டு சொன்னனான். உன்ர முதுகில இருக்கிறதெல்லாம் அடைச்சு வைச்சு அடிச்ச அடையாளம் எண்டு."

ஷாந்தன் திரும்பிப் பார்த்தான். டர்ன்பைக் நெடுஞ்சாலையின் ஓரத்தில் பிப்ரவரி மாதத்து அழுக்குப் பனி பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு முன், வக்கீல் அனுப்பிவைத்த டாக்டர் அவன் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகைப் படமெடுத்து, ஏதோ கேட்டார். ஷாந்தனின் ஆங்கிலம் எண்களையும் 'தேங்க் யூ'வையும் தாண்டியதில்லை. மனைவியின் அண்ணன் வரதராஜாதான் பதில் சொன்னான். அந்தப் பதில் இப்போது டாக்டரின் கையெழுத்தோடு வக்கீலின் ஃபைலில் இருந்தது.

"அது செடில் காயம். உனக்குத் தெரியாதோ?"

"எனக்குத் தெரியும். ஜட்ஜுக்குத் தெரியாது. பேசாமல் இரு. தங்கச்சி குமுதினியும் பிள்ளையும் கொழும்பில லொட்ஜ் அறைக்குள்ள கிடக்கினம். இண்டைக்கு உன்ர அகதி அசைலம் கேஸ் வெண்டாத்தான் அவையைக் கூப்பிடலாம்."

அது உண்மை. கொழும்பில் விசாரணைக்கென்று பிடித்து அவனை ஒன்பது நாள் அடைத்து வைத்து அடித்ததும் உண்மை. அடித்தவர்கள் கெட்டிக்காரர்கள். பிளாஸ்டிக் குழாய்க்குள் மணலை நிரப்பி அடித்தார்கள். எலும்பு வரை வலித்தது. தோலில் ஒரு கோடு விழவில்லை.

முதுகில் இருந்தவை வேறு. மகள் துளசி ஏழு மாதக் குழந்தையாக வலிப்பு வந்து கண் செருகிய அன்று, சந்நிதி முருகனுக்கு மூன்று வருஷம் காவடி என்று நேர்ந்துகொண்டான். வருஷத்துக்கு ஆறு செடில் கொக்கி. முதுகுத் தோலில் கொளுவி, கயிற்றை ஒருவர் பின்னால் இழுத்துப் பிடிக்க, வெயிலில் ஆடினான். கழற்றிய இடத்தில் திருநீற்றை மட்டும் அப்பினார்கள். கிணற்றடியில் அவன் குளிக்கும்போது ஊரார் வரிசையை எண்ணிவிட்டு, வாக்கை முழுதாக நிறைவேற்றியவன் என்று தெரிந்துகொள்வார்கள். துளசிக்கு அதன்பின் வலிப்பு வரவில்லை.

"என்ர முதுகை அவங்களுக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுறியோ?"

"முதுகில பட்ட காயத்துக்குப் பெருமை பேசுற ஒரே தமிழன் நீதான்," என்றான் வரதராஜா.

நீதிபதி நரைத்த தலைப் பெண்மணி. வக்கீல் படங்களை நீட்டி, சித்திரவதைக்கு அத்தாட்சி என்று தொடங்கி, எண்ணிக்கையைச் சொன்னார். செவன்டீன்.

ஷாந்தன் எழுந்துவிட்டான்.

"பதினேழு இல்லை. பதினெட்டு. ஒண்டு கைக்குக் கீழ, கமக்கட்டுக்குக் கிட்ட இருக்கு. டொக்டர் விட்டிட்டார்."

மொழிபெயர்ப்பாளர் மீனாக்ஷி, மதுரைக்காரர், சொல்லி முடிப்பதற்குள் அவன் மீதியையும் சொல்லிவிட்டான். செடில், காவடி, துளசியின் வலிப்பு, டாக்டரிடம் சொன்ன பொய். மீனாக்ஷிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பின் பெஞ்சில் வரதராஜா முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அரசு வக்கீல் பாய்ந்தார். அப்படியானால் அடித்ததற்கு உடம்பில் என்ன அடையாளம்? ஒன்றுமில்லை. பிறகு எதை நம்புவது?

நீதிபதி அவரைக் கையமர்த்திவிட்டு ஏதோ கேட்டார்.

"யாரும் கேக்காமலே ஏன் சொன்னீங்கன்னு ஜட்ஜ் கேக்கறாங்க," என்றார் மீனாக்ஷி.

"அடிச்சவங்கள் என்னில ஒரு அடையாளமும் விடேல்லை. இது நான் கேட்டு வாங்கினது, என்ர பிள்ளைக்காக. அதை அவங்கட எண்டு சொன்னால், பிறகு என்ர உடம்பில என்ர எண்டு சொல்ல என்ன இருக்கு?"

நீதிபதி படத்தை எடுத்துப் பார்த்தார். முதல் வருஷத்து வரிசை எது என்று கேட்டார். மேலே, கோணலாக இருப்பது; அன்றைக்கு நடுங்கினேன் என்றான். மூன்றாவது நூல் பிடித்தாற்போல் இருந்தது. பிறகு அந்த ஒன்பது நாளைப் பற்றி இரண்டு மணி நேரம் துருவினார். அப்போது அவனை வெளியே எடுத்த கொழும்பு வக்கீலின் கடிதத்தோடு ஒவ்வொரு தேதியும் பொருந்தியது.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. டாக்டரின் அறிக்கை தள்ளுபடி. உதவக்கூடிய பொய்யைத் தானே தூக்கி எறிந்தவனின் மற்ற வார்த்தைகளை நம்புவதாக நீதிபதி சொன்னார். அசைலம் கிடைத்தது.

கீழே பொதுத் தொலைபேசியில் வரதராஜா தன் ஃபோன் கார்டைத் தேய்த்தான். ரிசீவரை மச்சானிடம் நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான்.

நடந்ததையெல்லாம் கேட்டு குமுதினி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"பதினெட்டையும் சொன்னியளே?"

"சொன்னன்."