வல்லம் என்று ஒட்டிய சீட்டு

என் தங்கை இருதயமேரி விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் ஆட்டு ஈரலில் வாழும் தட்டைப்புழுக்களை ஆராய்ந்தாள். எனக்குத் திண்டிவனத்தில் கறிக்கடை. புழு விழுந்த ஈரலை விற்க மாட்டேன். புழுக்களை ஸ்பிரிட் சீசாவில் போட்டு, ஆடு எந்த ஊர் என்று சீட்டு ஒட்டி அவளுக்கு எடுத்து வைப்பேன்.

"அதுங்க உடம்புல மைட்டோகாண்டிரியான்னு ஒண்ணு இருக்குண்ணா. அம்மாகிட்டேர்ந்து மட்டுந்தான் வரும். அதோட மரபணுவ முழுசாப் படிச்சா எந்தப் புழு எதுக்குச் சொந்தம்னு தெரிஞ்சிடும்."

"புழுவுக்குச் சொந்தம் தேடிக்கினு இரு. நம்ம சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்கும் வராத."

பக்கத்திலுள்ள வல்லம் கிராமத்து ஆட்டுப் புழு வேண்டும் என்று கேட்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆந்திரா லாரியில் வந்த ஆடு ஒன்றில் புழு இருந்தது. அதைச் சீசாவில் போட்டு வல்லம் என்று ஒட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து போன் செய்தாள். அந்தப் புழு பக்கத்து ஊர்ப் புழுக்களோடு சேராமல் வம்சாவளி மரத்தில் எங்கோ தூரத்துக் கிளையில் போய் நின்றதாம். "புழு பஸ் ஏறி வந்துச்சா மேரின்னு கூடப் படிக்கிற கலையரசி கிண்டல் பண்றாண்ணா. அது வல்லத்து ஆடுதானே?"

"என்னையே நம்பலியா நீ?" என்று கத்தினேன்.

"கோச்சிக்காதண்ணா. என் கைதான் எங்கியோ மாத்திடுச்சு போல."

சோதனையை மூன்று முறை திரும்பச் செய்து பார்த்தாள். ஐப்பசியில் டெங்கு வந்து ஆறே நாளில் போய்விட்டாள்.

பொங்கலுக்குப் பிறகு அவளுடைய பேராசிரியர் விருத்தாசலம் கடைக்கு வந்தார். "கட்டுரையை அவ பேர்லயே போடறோம். அந்த வல்லம் புழு மட்டும் இடிக்குது. சீசாவ மாத்திட்டா போலிருக்கு, பாவம்."

கத்தியை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். "அத எடுத்துட்டா மீதியெல்லாம் சரியா இருக்குதுங்க" என்றார்.

"அவ மேல தப்பில்லன்னு எழுதுவீங்களா சார்?"

"கட்டுரையில அதுக்கெல்லாம் எடம் கெடையாதுங்க."

"அப்ப நான் வந்து சொல்றேன்."

மறுநாள் கடையை மூடிவிட்டு விழுப்புரம் போனேன். ஆய்வகத்தில் நான்கு மாணவர்கள் இருந்தார்கள். அவர்கள் முன் நின்று சொன்னேன். கலையரசி அழுதுகொண்டே கேட்டாள், "ஏண்ணா அப்டிப் பண்ணீங்க?"

கேட்டது கிடைக்காமல் தங்கை ஏமாந்துபோகக் கூடாது என்றுதான் செய்தேன் என பஸ்ஸில் ஒரு பதிலை யோசித்து வைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

"அன்னிக்குக் கடையில கூட்டம்மா, வல்லத்து ஆட்டத் தேடிப் போவ நேரமில்ல" என்றேன்.