கடைசி எழுத்திலிருந்து

சனிக்கிழமை காலை, அக்கா பிழை பார்ப்பதற்காக அவள் மேஜைத் தட்டில் கிடந்த தாள்களுக்கு நடுவே என் தாளையும் செருகி வைத்தேன். பிறகு ஒன்றும் தெரியாதவன்போலப் போய் போர்டு எழுத்துகளை வினைல் தாளில் வெட்டும் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தேன். மேலே ஒரு பல் டாக்டரின் போர்டு, கீழே ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் போர்டு, நடுவில் என்னுடையது. நான் தனியாகத் திறக்கப்போகும் போர்டுக் கடை. சாவி வாங்கியாகிவிட்டது, சுவருக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது, அக்காவிடம் மட்டும் இன்னும் சொல்லியாகவில்லை. சொல்லத்தான் எத்தனையோ முறை அவள் மேஜை வரைக்கும் போனேன். போய் நின்றதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "டீ வேணுமாக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். அந்த மாதம் அவள் குடித்த டீ முழுக்க என் கோழைத்தனம்தான்.

கடைசியில், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் கடையில் அக்காவின் பச்சை டிக் இல்லாமல் எந்தத் தாளும் மெஷினுக்குப் போகாது. என் போர்டும் அவள் கையைத் தாண்டித்தான் போகவேண்டும். படிப்பாள், கத்துவாள், பதிலுக்கு நானும் கத்துவேன், விஷயம் வெளியே வந்துவிடும். அதற்குமேல் எனக்குத் திட்டம் போடத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிறேன். எழுத்தை எங்கே வைக்கவேண்டும், என்ன நிறம், எவ்வளவு இடைவெளி என்பதில் என்னை அடித்துக்கொள்ள இந்தத் தெருவில் ஆளில்லை. ஆனால் எனக்கும் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்குக்கும் ஏழாம் பொருத்தம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் கையில் விட்டிருந்தால் ஊரில் பாதிக் கடைகள் மானம் கெட்டிருக்கும். ஓர் ஓட்டலுக்கு மெனு போர்டு செய்தபோது 'டெஸர்ட்' என்ற வார்த்தையில் ஒரு எஸ்ஸை விட்டுவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பு தருகிறோம் என்றிருக்க வேண்டியது, பாலைவனம் தருகிறோம் என்று ஆகியிருந்தது. பேனா பென்சில் கடைக்கு 'ஸ்டேஷனரி' என்று எழுதும்போது ஈ வரவேண்டிய இடத்தில் ஏ போட்டேன். "இவங்க பேனா விக்கலடா, கடை இருக்குற எடத்த விட்டு நகராதுன்னு சத்தியம் பண்றாங்க" என்று அக்கா ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தங்குமிடத்துக்கான 'அக்காமடேஷன்' என்ற வார்த்தையில் இரண்டு சி, இரண்டு எம் என்பதை இன்றைக்கும் நான் அவளைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்வேன். பெயரிலேயே அக்கா இருக்கிறாள் என்று அவளுக்குப் பெருமை வேறு.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. தாளைக் கடைசி எழுத்திலிருந்துதான் பார்ப்பாள். ஓர் இரும்பு ஸ்கேலை வலது ஓரத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் திறந்துகொண்டே இடது பக்கம் தள்ளிப் போவாள். ஒரு வரி முடிந்தால் அதற்கு மேல் வரி. வலதிலிருந்து இடது, கீழிருந்து மேல். முன்னாலிருந்து படித்தால் கண் ஏமாற்றும், என்ன இருக்கவேண்டும் என்று மனம் நினைக்கிறதோ அதையே படித்துவிட்டுப் போய்விடும் என்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்று சும்மா சொல்வார்கள், அவளைப் பார்த்தால் அது எப்படி இருக்கும் என்று தெரியும். தினம் பார்க்கிற காட்சிதான். தினம் பார்ப்பதாலோ என்னவோ, திட்டம் போட்டபோது அது என் மண்டையில் உறைக்கவில்லை.

பல் டாக்டர் முடிந்து என் தாள் மேலே வந்தபோதுதான் உறைத்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடியிலிருந்த என் போன் நம்பரைக் கடைசி எண்ணிலிருந்து பார்த்துப் போனாள். நாள் தவறாமல் அவள் கூப்பிடும் நம்பர், திருப்பிப் போட்டதும் யாரோ ஒருவனுடையதாகிவிட்டது. அதற்கு மேல், ஓரமாக, பொடி எழுத்தில் என் பெயர். அதன் கடைசி எழுத்து, அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று ஸ்கேல் நகர்ந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டே பழகிய வாய் அது. அந்த வாய் இப்போது முணுமுணுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. 'புரொஃபெஷனல்' என்ற வார்த்தையில் பச்சைப் பேனா நின்றது. எஃப் ஒன்று கூட, எஸ் ஒன்று குறைய.

"தன்னைப் புரொஃபெஷனல்னு சொல்லிக்கிறான், அதையே தப்பா எழுதியிருக்கான். எவனோ தெரியல" என்று சொல்லி, வட்டம் போட்டுத் திருத்தி, மூலையில் டிக் அடித்து, உடற்பயிற்சிக் கூடத்தை எடுத்தாள்.

நான் சிரித்தேன். என்னத்தைச் சொல்ல, சிரிப்புதான் வந்தது.

வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். ஒரு மாதமாக அவளுக்கு இதே கேள்விதான்: அண்ணியிடம் சொல்லிவிட்டீர்களா, இல்லையா? அக்காவை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். பேச்சை மாற்றிப் பார்த்தேன், அவள் விடவில்லை. அக்கா டிக் போட்டுவிட்டாள் என்றேன். பொய் இல்லை. ஆனால் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றும் சாக்கில் குனிந்துகொண்டேன். தான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை, அண்ணி மனசு யாருக்கு வரும் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புகழ்ந்தாள். திங்கட்கிழமை குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் நேராகக் கடைக்கு வந்து அண்ணிக்கு நன்றி சொல்லப்போவதாகவும் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

திங்கட்கிழமை நான் சீக்கிரமே கடையைத் திறந்துவிட்டேன். அக்கா வந்தாள், பையை ஆணியில் மாட்டினாள், கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். என் மனைவி எந்த நிமிடமும் வந்துவிடுவாள். அவள் வாயிலிருந்து அக்காவுக்கு இது தெரியக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. திட்டட்டும், வெளியே போ என்று சொல்லட்டும், ஆனால் என் வாயிலிருந்து கேட்டுவிட்டுச் சொல்லட்டும். டிக் போட்ட தாளை அவள் முன்னால் வைத்தேன்.

"இத முன்னாடியிருந்து படி, அக்கா."

எதற்கு என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள். "பாத்தாச்சே இது" என்றாள். பிறகு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, ஸ்கேலைத் தள்ளி வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையைப் போல மெதுவாகத்தான் படிக்க வந்தது அவளுக்கு. கடையின் பெயர், செய்கிற வேலைகள், அடுத்த வட்டாரத்தின் முகவரி. என் பெயர் வந்ததும் குரல் நின்றது. நம்பரைப் படிக்கவில்லை.

எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"சனிக்கிழமையே சொல்ல வேண்டியதுதான?" என்றாள்.

"நீ படிச்சிருவேன்னு நெனச்சேன்க்கா."

"நான் என்னிக்குடா படிச்சேன்? எழுத்துதான பாக்குறேன்."

சொல்லவேண்டியதையெல்லாம் அப்போதுதான் கொட்டினேன். கோபமெல்லாம் இல்லை, நீ ஒரு குறையும் வைக்கவில்லை, ஆனால் உள்ளே வருகிற ஒவ்வோர் ஆளும் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து "அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறான், ஒரு தடவையாவது ஒருத்தன் என்னைத் தேடி வரவேண்டும் என்று இருக்கிறது என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தது போதாது என்று இன்னொரு தடவை துடைத்தாள். அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அவள் காட்டவில்லை, நான்தான் கண்டுகொண்டேன்.

பிறகு பச்சைப் பேனாவை எடுத்து, தான் போட்ட டிக்கின் குறுக்கே அழுத்திக் கோடு கிழித்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை. எனக்குப் பகீரென்றது. முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தெருவின் அந்தப் பக்கம், என் மனைவி வண்டிகளுக்கு நின்று பார்த்துச் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள்.

அக்கா ஸ்கேலை எடுத்துத் தாளின் வலது ஓரத்தில் வைத்தாள். மறுபடியும் கடைசி எண்ணிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை முணுமுணுக்கவில்லை, சத்தமாகவே சொன்னாள், ஒவ்வோர் எண்ணாக. நம்பர் முடிந்து என் பெயருக்கு வந்தாள். கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரைக்கும் போய், ஸ்கேலை அங்கேயே நிறுத்திவிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் ஒரு தாளில் எழுத்தைத் தவிர வேறெதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதெல்லாம் உன் வேலை என்று என்னிடம் விட்டுவிடுவாள்.

"ஏன்டா உன் பேர இவ்ளோ சின்னதா போட்டிருக்க?"

கதவு திறந்தது. "அண்ணி" என்று ஆரம்பித்த என் மனைவியை, நிமிராமலேயே இடது கையை உயர்த்தி, கொஞ்சம் இரு என்று நிறுத்தினாள் அக்கா. ஸ்கேலை என் பெயருக்கு மேலே, நன்றாகத் தள்ளி வைத்து, "இது வரைக்கும் வரணும்" என்று பச்சையில் ஒரு கோடு இழுத்தாள். பிறகு கீழே கொண்டுபோய், போன் நம்பரை ஒட்டி, இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவே என் பெயர் துளியூண்டாக நின்றது, அதைச் சுற்றி அத்தனை இடம் காலியாகக் கிடந்தது.