எட்டாவது துண்டு

நான் வெட்டினால் அவள் தைப்பாள். பயணப் பைகள் செய்யும் பட்டறையில் பதினோரு வருடமாக எங்கள் கூட்டு இதுதான். இடையில் ஒரு விபத்தில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகும் ஆறே மாதத்தில் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள். கால் பெடலைக் கைவிசையாக மாற்றிக்கொண்டாள். வந்த முதல் நாளே, சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு இருந்த இரண்டு கைப்பிடிகளையும் ரம்பத்தால் அறுத்து எறிந்தாள்.

“எவளாவது கேக்காம என்னைத் தள்ளினீங்க, கையை ஒடிச்சிடுவேன்.”

அன்றிலிருந்து அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர்.

நானோ தெருமுனைக் கடைக்குக்கூடத் துணை தேடும் பிறவி. அவளைப் பார்த்துத்தான் எனக்கு ரோஷம் வந்தது. ஒன்பது நாளில் தன்னந்தனியாக மலைக்காட்டைக் கடப்பதென்று கிளம்பினேன். போன்கூடக் கிடையாது. வீட்டில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். அவள் மட்டும், “போய்ட்டு வாடி” என்று பை தைத்துக் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் ஓடையில் வழுக்கிக் கணுக்கால் வீங்கிவிட்டது. தீப்பெட்டி நனைந்து கூழானது. இரண்டு நாள் ஒரு பாறையிடுக்கில் நமுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டு வாய்விட்டு அழுதேன். ஏழாம் நாள் தேன் எடுக்கும் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். நெருப்பு மூட்டிக் கொடுத்தார், காலுக்குக் கட்டுப் போட்டார், கூட வரவா என்றார். வேண்டாம் என்றேன். கம்பை ஊன்றி நானே நடந்து வந்து சேர்ந்தேன். முதல் தடவையாக எனக்கு என்னைப் பிடித்திருந்தது.

வீட்டில் பையைத் துவைக்க உட்புறத்தை வெளியே இழுத்தேன். அடியில் ஒரு துணி கூடுதலாக இருந்தது. அந்தப் பைக்கு நான் வெட்டியது ஏழு துண்டு. இது எட்டாவது. தையலைப் பிரித்தால், உள்ளே, ஆள் இருக்குமிடம் காட்டும் கருவி ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது.

அதைக் கொண்டுபோய் அவள் மெஷின்மேல் வைத்தேன்.

அவள் மழுப்பவில்லை. “ரெண்டு நாளா என் போன்ல உன் புள்ளி ஒரே இடத்துல நின்னுச்சுடி. எனக்கு உசுரே போச்சு. அங்க இருக்கிற வன ஆபீஸுக்கு போன் பண்ணி ஆள் அனுப்பினேன்.”

“தேன் எடுக்க வந்தவரா?”

“அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான்.”

எனக்குக் கோபம் பற்றி எரிந்தது. அவர் வராவிட்டால் செத்திருப்பேனோ என்னவோ. அது தெரிந்தும் எரிந்தது. ஊரே என்னை நம்பாதபோது இவள் ஒருத்தி நம்பினாள் என்றுதானே கிளம்பினேன்!

“உன் நாற்காலியில இருந்த பிடியை அறுத்துட்டு, என் முதுகுல வச்சுத் தச்சிருக்கியே.”

சாயங்காலம் எல்லோரும் கிளம்பினோம். வாசற்படியை எப்போதும் ஒரே வீச்சில் தாண்டுகிறவள், அன்று சக்கரம் சிக்கி நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். தானாக நீண்ட என் கையை இழுத்துக்கொண்டேன். கேளுடி, ஒரு வார்த்தை கேளு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் கேட்கவில்லை. நான் அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தேன்.