இரண்டே இருக்கை

காதம்மாவின் பழைய வேன் செவ்வாய்க்கிழமை காலை சிக்னலில் நின்றுபோனது. பச்சை விழுந்தது, சிவப்பு விழுந்தது, மறுபடியும் பச்சை விழுந்தது. வேன் மட்டும் அசைவேனா என்றது. பின்னாலிருந்து ஹாரன் அடித்து அலுத்தவர்களே கடைசியில் இறங்கி வந்து, அதைத் தள்ளி ஓரம் கட்டிவிட்டுப் போனார்கள். மெக்கானிக் திறந்து பார்த்தார், துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"செலவு பண்ணலாம்மா. ஆனா பண்ணாதீங்க" என்றார்.

பதினான்கு வருஷ உழைப்புக்கு அவ்வளவுதான் இரங்கல்.

காதம்மா என்பது நோயாளிகள் வைத்த பெயர். யாருக்கு எவ்வளவு காது கேட்கிறது என்று சோதிப்பது அவள் வேலை. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில்; மற்ற இரண்டு நாள் பள்ளிக்கூடங்களிலும், எழுந்து நடமாட முடியாதவர்களின் வீடுகளிலும். அந்த இரண்டு நாளும் சோதனைக் கருவியைக் கூடவே கொண்டுபோக வேண்டும். சின்னக் குழந்தை ஒன்று உள்ளே சுருண்டு படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு பெரிய கறுப்புப் பெட்டி. ஐந்து நாளும் போகிற வழியில் கணவரை டியூஷன் சென்டரில் இறக்கிவிட வேண்டும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அவர். தெருவே வாத்தியார் என்று கூப்பிட்டுப் பழகியதால் வீட்டிலும் அவர் வாத்தியார்தான். அவருக்கு முட்டி சரியில்லை. பஸ் படியைப் பார்த்தாலே முகம் சுண்டிப்போகும்.

ஆக, என்ன வாங்குவது என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. நாலு கதவு, பெரிய டிக்கி, மழைக்கு ஒழுகாத கூரை. வாத்தியார் ஒரு தாளில் மூன்று வண்டிகளின் பெயரை எழுதி, எதிரே குறைநிறைகளையும் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். மூன்றும் வெள்ளை.

வியாழக்கிழமை மதியம் சாப்பிடப் போனவள், மருத்துவமனைக்கு எதிரே இருந்த மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நின்றுவிட்டாள். ஜன்னலில் ஃப்ரேம்களுக்கு நடுவே ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. கரும்பச்சையில், தரையோடு தரையாகப் படுத்திருந்த ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கு, மடக்கி வைத்த துணிக்கூரை, இரண்டே இருக்கை. கீழே கையெழுத்தில், 'ஓடும் நிலையில் உள்ளது. உள்ளே வந்து கேட்கவும்.'

அவள் உள்ளே போய்க் கேட்கவில்லை. சாப்பிடவும் போகவில்லை. பார்த்தபடியே நின்றாள்.

அதே கம்பெனி, அதே மாடல். அவர்களுடையது மஞ்சள். கல்யாணத்துக்கு முன்பே வாத்தியார் யாரோ ஒரு சக ஆசிரியரிடமிருந்து வாங்கியிருந்தார். பக்கத்து இருக்கைக்குக் கீழே தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அதை ஒரு தகரத் தட்டு வைத்து மூடியிருந்தார். தட்டு நகர்ந்தால் கால்களுக்கு நடுவே தார் ரோடு ஓடுவது தெரியும். மழை நாளில் துணிக்கூரை, நனைந்த கம்பளி மாதிரி நாறும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரை ரோட்டுக்குப் போவார்கள். ஆறு கிலோமீட்டர், கோடு போட்ட மாதிரி நேர் ரோடு. தலைமுடி பறந்து சிக்காகாமல் இருக்க, கொடியில் துணிக்குப் போடும் கிளிப்புகளை எடுத்து முடி நெடுகக் குத்திக்கொள்வாள். அவளுக்கு அப்போது இருபத்து நாலு வயது. வாத்தியார் நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓட்டுவார். காற்று காதை அடைக்கும், வயிறு கூசும், அவளுக்குச் சிரிப்பும் கத்தலும் சேர்ந்து வரும். சரியாக அந்த நேரம் பார்த்து அவர் வேகத்தைக் குறைத்துவிடுவார். ஒவ்வொரு முறையும்.

அவள் எதுவும் கேட்டதில்லை. இவர் இவ்வளவுதான் என்று புரிந்துகொண்டாள். நல்லவர், ஆனால் எதிலும் விளிம்பு வரை வராத மனிதர். பிறகு வந்த இருபத்தெட்டு வருஷத்தையும் அந்தப் புரிதலை வைத்தே ஓட்டிவிட்டாள்.

மகள் வயிற்றில் மூன்று மாதமாக இருந்தபோது, ஒரு சாயங்காலம் வாத்தியார் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அத வித்துட்டேன்" என்றார். தெருவில் சாம்பல் நிறத்தில் நாலு கதவு வண்டி நின்றிருந்தது. வேறொன்றும் சொல்லவில்லை. எனக்காக, குழந்தைக்காக, தனக்குப் பிடித்த ஒரே ஒரு பொருளைக் கொடுத்துவிட்டார் என்று அன்று அவள் மனதில் விழுந்தது. இன்றும் தெருவில் அப்படி ஒரு எஞ்சின் சத்தம் கேட்டால் அவர் தலை சட்டென்று திரும்பும். அவர் திரும்பும் ஒவ்வொரு முறையும் இவளுக்குள் ஒரு முள் அசையும்.

வெள்ளிக்கிழமை போனில் அந்தக் காரைப் பற்றி அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு மகள் சிரித்தாள்.

"அம்மா, அதுல ஏறி இறங்கவே உனக்குத் தனியா ஒரு ஆள் வேணும். டெய்லி வேலைக்குப் போக யாராவது அத வாங்குவாங்களா?"

"ஓடுற வண்டிதானடி."

"ஓடும். நீதான் இறங்க மாட்ட. அப்பா என்ன சொல்றார்?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த வாத்தியார், "உங்கம்மா கேட்டா நான் ஏன் வேணாம்னு சொல்லப் போறேன்?" என்றார்.

"அப்பா, அது பதில் இல்ல."

அது பதில் இல்லைதான். காதம்மாவுக்கும் தெரியும். ஆனால் அவர் வெளியே காட்டிக்கொள்ளாத ஆசை அது என்று நினைத்துக்கொண்டாள். பிறர் சொல்லாததை ஊகித்துக்கொள்வதில் நெடுநாள் மனைவிகளுக்கு ஒரு கர்வம் உண்டு.

சனிக்கிழமை மதியம் கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்குப் போனார்கள். பெட்டியையும் எடுத்துக்கொண்டுதான் போனாள். கடைக்காரர் இடுப்புவலிக்குப் பெல்ட் கட்டியிருந்தார்.

"நீங்க காது, நான் கண்ணு. பொய் சொன்னா ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுடும்" என்று சிரித்தார். "இடுப்பா, காரா, ஏதாவது ஒண்ண வெச்சுக்கோன்னு டாக்டர் சொல்லிட்டார். அதான். குறையெல்லாம் சொல்லிடறேன். பெரிய மழைன்னா இடது பக்கம் ஒழுகும். காலைல ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டும். ஏதாவது உடைஞ்சா பார்ட்ஸ் வர ரெண்டு வாரம் ஆகும்."

"தினமும் ஓட்டலாமா?"

"ஓட்டினாத்தான் நல்லா இருக்கும்மா. நிறுத்தி வெச்சாத்தான் இதுக்கு எல்லா வியாதியும். ஆனா இன்னொருத்தர் கேட்டிருக்கார், அஞ்சு மணிக்கு வரேன்னார். அதுக்குள்ள சொல்லிடுங்க."

முதலில் பெட்டியை வைத்துப் பார்த்தார்கள். டிக்கியில் நேராக வைத்தால் மூடி மூடவில்லை. படுக்க வைத்தால் கைப்பிடி இடித்தது. கடைசியில் பக்கத்து இருக்கையில் வைத்தபோது, தைத்துப் போட்ட மாதிரி அளவாக உட்கார்ந்துகொண்டது.

வாத்தியார் பெட்டியைப் பார்த்தார், தன்னைக் காட்டினார். "ஒண்ணு அது, இல்லன்னா நான். ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிக்கோ."

"பெட்டி குறுக்க பேசாது" என்றாள்.

"முட்டி வலிக்குதுன்னும் சொல்லாது" என்று ஒத்துக்கொண்டார்.

ஓட்டிப் பார்க்கச் சாவியைக் கொடுத்தபோது அவள் வாத்தியாரிடம் நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தினம் ஓட்டப் போறது நீ. நீயே பாரு."

பெட்டியைக் கடைக்காரர் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வாத்தியாரை உள்ளே இறக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. முதலில் பின்பக்கத்தை வைத்து, பிறகு காலை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டார். கூரையை மடக்கிவிட்டிருந்தார்கள். இந்த மாடல் வண்டியில் ஓட்டுபவர் பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை. அந்த நாட்களில் அவளுக்கு ஓட்டத் தெரியாது. குட்டையான கியர் கம்பி, பழகிய கை மாதிரி உள்ளங்கையில் வந்து பொருந்தியது.

ஊரைத் தாண்டியதும் புறவழிச் சாலை காலியாக இருந்தது. மூன்றாவது கியர், நான்காவது. எஞ்சின் சத்தம் இருக்கை வழியாக முதுகில் ஏறியது. காற்று காதை அடைத்தது. அந்தப் பழைய கூச்சம், வயிற்றில் அதே இடத்தில், ஒரு நாளும் எங்கும் போகாததுபோல வந்து நின்றது. பக்கத்தில் வாத்தியார் ஏதோ கத்தினார். அவள் திரும்பவில்லை. அவர் மறுபடி, இன்னும் உரக்க, "விடு! விடு!" என்று கத்தினார்.

அவள் உடனே காலை எடுத்தாள். வேகமானியின் முள் சரசரவென்று இறங்கியது. வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"என்னாச்சு? முட்டியா?"

"முட்டிக்கென்ன? ஏன் நிறுத்தின?"

"நீங்கதான விடு விடுன்னு கத்தினீங்க. போதும்னு நினைச்சேன்."

"வண்டிய விடுன்னேன்! இன்னும் வேகமா விடுன்னேன்! நல்லாப் போயிட்டிருந்துது, கெடுத்துட்ட."

அவர் முடி நாலாபக்கமும் நின்றிருந்தது. கன்னம் சிவந்திருந்தது. இப்படி ஒரு முகத்தை அவள் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பார்த்திருக்கிறாளா என்றே சந்தேகமாக இருந்தது. 

"ஏரிக்கரை ரோட்டுல நான் என்ன கத்துவேன்?" என்று கேட்டாள்.

"அதான், விடுங்க விடுங்கன்னு கத்துவ. பயந்துக்குவியே."

"பயந்தேனா?"

"பின்ன? ஒவ்வொரு தடவையும். சிரிச்சுக்கிட்டேதான் கத்துவ, ஆனா பயத்துலயும் சிலர் சிரிப்பாங்கன்னு..." அவர் பேச்சு பாதியில் நின்றது. கணக்கில் ஒரு வரி தப்பாக எழுதியிருப்பதைப் பார்த்துவிட்ட பார்வை.

சத்தத்தில் மெய்யெழுத்துதான் முதலில் சாகும், உயிரெழுத்து தப்பித்துக்கொள்ளும். இதை எத்தனை பேருக்கு அவள் விளக்கியிருப்பாள்! இருபது வருஷமாக, கேட்காமல் போன எழுத்துகளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள். இங்கே ஒரு எழுத்தும் தொலையவில்லை. உயிரும் மெய்யும் முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவள் ஓட்டச் சொன்னாள். அவர் நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். அதற்குச் சோதனை ஒன்றும் கிடையாது.

ஒரு லாரி அவர்களைக் கடந்து போனது. வண்டி லேசாக ஆடி நின்றது.

"அப்ப எனக்காகத்தான் வேகத்தைக் குறைச்சீங்க" என்றாள். "எனக்காகத்தான் வித்தீங்க."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருப்பாள், இருவருக்கும் அது ஒரு அழகான கதையாகவும் இருந்திருக்கும். வாத்தியார் டேஷ்போர்டில் இருந்த தூசியில் விரலால் ஒரு கோடு இழுத்தார்.

"முழுசா அப்படிச் சொல்ல முடியாது. எனக்கு அந்த வண்டிய ஓட்டவே பயம். கை வேர்க்கும். பெருமைக்கு வாங்கிட்டேன், வெளிய சொல்ல முடியல. நீ விடுங்கன்னதும் அப்பாடான்னு இருக்கும். எனக்கு எது வேணுமோ அதுதான் காதுல விழுந்துதோ என்னமோ."

"இப்பக்கூட இந்தச் சத்தம் கேட்டா திரும்பிப் பாக்கறீங்களே."

"பழைய பயம்தான். அதான் பாப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. ஒருத்தர் ஆசையை இழந்தார் என்று இத்தனை வருஷம் இவள் உள்ளுக்குள் அழுதிருக்கிறாள். இழந்தது இவளுடைய ஆசை. அது தன்னுடையது என்றே தெரியாமல், அவர் பெயரை எழுதி ஒட்டி, பத்திரமாக வைத்திருந்தாள். அவருக்குத் திருப்பிக் கொடுக்கத்தானே இந்த வண்டியை வாங்க வந்தாள்? இப்போது அந்தக் காரணம் இல்லை. காரணம் இறங்கிப் போன பிறகும் ஆசை மட்டும் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், யாரையும் சாக்காகச் சொல்லாமல் ஒன்றைக் கேட்பது இவ்வளவு கஷ்டமா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. 

"பயம்னீங்க, இப்ப ஏன் விடு விடுன்னு கத்தினீங்க?"

"ஓட்டறவனுக்குத்தானே பயம்? பக்கத்துல உக்காந்தவனுக்கு என்ன! ஜாலியா இருந்துது. இத்தனை நாள் தப்பான சீட்டுல உக்காந்துட்டேன் போல."

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சொன்னாள். "எனக்கு வேணும்."

"என்ன?"

"இந்த வண்டி. உங்களுக்காக இல்ல. எனக்கு வேணும். ஒழுகினாலும் வேணும்."

வாத்தியார் விரலை மடக்கி நாட்களை எண்ணினார். பிறகு, "பெட்டி நாள் ரெண்டும் நான் டியூஷன வீட்டுக்கே மாத்திக்கறேன்" என்றார்.

"விட்டுக்கொடுக்கறீங்களா? வேணாம். இனிமே அது வேணாம்."

"விட்டுக்கொடுக்கல. அந்த ரெண்டு நாள் காலைல ஏழு மணிக்கு எழுந்திரிக்க வேணாம் பாரு. எனக்கும் ஒரு சுயநலம் இருக்கக்கூடாதா?"

அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். உண்மைதான் போலிருந்தது. இல்லாவிட்டாலும், இனிமேல் சந்தேகம் வந்தால் கேட்டுவிட வேண்டும், ஊகிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். பிறகு வண்டியைக் கிளப்பினாள். திரும்பி வரும் வழியில் கடைசி நேர் ரோட்டில் வேக முள் எங்கே போனது என்று இருவருமே மகளிடம் சொல்லப் போவதில்லை.

காதம்மா வண்டியை நிறுத்தி இறங்கியபோது கடைக்காரர் கேட்டிலேயே கையில் போனோடு காத்திருந்தார். "அந்த ஆள் கிளம்பிட்டாராம். என்ன சொல்லட்டும்?"

"வர வேணாம்னு சொல்லிடுங்க. நான் எடுத்துக்கறேன்."

"சார் என்ன சொல்றார்?" என்று வழக்கப்படி கேட்டார் அவர்.

"சார் பக்கத்துல உக்காருவார்."

சொல்லிவிட்டு, வாத்தியார் பின்னால் வரவில்லையே என்று திரும்பினாள். இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டாரோ, முட்டியோ என்று பயந்து இரண்டு எட்டு நடந்தாள். அவர் இறங்கவே முயலவில்லை. இருக்கைக்குக் கீழே கையை விட்டுத் துழாவி ஏதோ கம்பியைக் கண்டுபிடித்து, இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளி, காலை நீட்டிக்கொண்டிருந்தார்.